ஊசிக்கும் தாளுக்கும் நடுவில்

பின்னல் செய்முறையை யாரும் கதை படிப்பதுபோல் தொடர்ந்து படிப்பதில்லை. ஒரு வரியைப் பார்க்கிறார்கள், ஊசிக்குத் திரும்புகிறார்கள், ஐந்தாறு கண்ணி போடுகிறார்கள், மறுபடி தாளுக்கு வருகிறார்கள். சாதாரண டேபிள் மேட் ஒன்று முடிவதற்குள் இந்தப் போக்குவரத்து நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். விட்ட இடம் சட்டென்று கண்ணில் பட்டால் கை ஓடும். படாவிட்டால் எண்ணிக்கை தவறும். தவறியது நாலு சுற்று தாண்டித்தான் தெரியவரும். தெரிந்ததும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேர்டில் செய்முறையை அடித்து ஒழுங்குபடுத்தும் வேலை முழுவதும், போன கண் திரும்பி வந்து நிற்க இடம் அமைத்துக் கொடுக்கும் வேலைதான்.

இது முதல் நாளே புரிவதில்லை. இதை எழுதுபவர் 1990களின் நடுவில் நாகர்கோவில் பக்கம் ஒரு டிடிபி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, தையல் வகுப்புகளுக்கான குறிப்புத் தாள்கள் கல்யாணப் பத்திரிகையோடும் பள்ளிக்கூடக் கேள்வித்தாளோடும் கலந்துதான் வந்தன. அடிப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்: எழுத்துப் பிழை இல்லாமல், வலது ஓரம் இடது ஓரம் இரண்டும் நேராக, தாள் வீணாகாமல் நெருக்கமாக இருந்தால் நல்ல வேலை. ஒரு பக்கத்தில் எவ்வளவு அடங்கியது என்பதில்தான் பெருமை. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவின் செய்முறைக்கு அந்த நேரான ஓரமும் நெருக்கமும் கெடுதல் என்பது தெரியவே சில ஆண்டுகள் ஆயின.

குமரி மாவட்டத்துக்கு நூல் வேலை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது திண்டின் மேல் வைத்துப் பின்னும் லேஸ். அதற்குச் செய்முறை என்பது எழுத்தே இல்லாத ஒரு அட்டை. குண்டூசி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே துளை குத்தியிருக்கும். அட்டை வேலைக்கு அடியிலேயே கிடப்பதால் கண் வேறெங்கும் போக வேண்டியதில்லை. குரோஷாவில் தாள் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். அந்த இடைவெளியில்தான் தவறெல்லாம் நடக்கிறது.

தொடக்க காலத்தில் தமிழ்நாட்டு டிடிபி நிலையங்களில் பேஜ்மேக்கரும் பாமினி போன்ற எழுத்துருக்களும்தான். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் குடியேற்றியிருப்பார்கள். சதுர அடைப்புக்குறிக்கான இரண்டு விசைகளில் ஜகரமும் ஸகரமும் உட்கார்ந்திருந்தன. அடைப்புக்குறி வேண்டுமென்றால் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். குரோஷாவில் அடைப்புக்குறி அலங்காரமல்ல. ‘இதற்குள் இருப்பதை இத்தனை தடவை செய்’ என்ற கட்டளை. ஒருமுறை ஒரு கையேடு முழுவதையும் அடித்து முடித்த பிறகு, எழுத்தின் அளவைச் சீராக்குவதற்காக மொத்தத்தையும் தேர்வு செய்து பாமினி என்று கொடுத்தாயிற்று. கண்ணி வகைகளைச் சொல்லும் ‘[டபுள் 2, செயின் 1] 6 தடவை’ என்றிருந்த இடமெல்லாம் ‘ஜடபுள் 2, செயின் 1ஸ 6 தடவை’ என்று மாறி அச்சாகி வந்தது. பிழை திருத்தியவர் சொற்களைப் பார்த்தாரே தவிர குறிகளைப் பார்க்கவில்லை. அதன்பின் அந்த நிலையத்தில் சதுர அடைப்பையே விட்டுவிட்டு வளைந்த அடைப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் இன்னொரு சிக்கல் வந்தது. குழந்தைச் சட்டை போன்றவற்றில் அளவுகளை ‘56 (62, 68)’ என்று வளைந்த அடைப்புக்குள்தான் தருவது வழக்கம். ஒரே குறி இரண்டு வேலை செய்யத் தொடங்கியதும், படிப்பவர் ஒவ்வொரு தடவையும் நின்று இது அளவா, திரும்பச் செய்வதா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. சதுர அடைப்பு திரும்பச் செய்வதற்கு, வளைந்த அடைப்பு அளவுக்கு என்ற பிரிவைக் கடைசிவரை கலைக்கக் கூடாது.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. விண்டோஸ் 2000இல் லதா என்ற யூனிகோடு எழுத்துரு கூடவே வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் அடைப்புக்குறி அடைப்புக்குறியாகவே இருந்தது; ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் கலையாமல் திறந்தது. அந்த மாற்றத்தின் நன்மையைக் கைவேலைத் தாள் அடித்தவர்கள் அளவுக்கு வேறு யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதற்குள் வேலை வேர்டுக்கு மாறியிருந்தது. வேர்டு அடிப்பவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு தானாகச் சிலவற்றை மாற்றும். கைவேலைத் தாளில் அது பெரும் தொல்லை. 2005 வாக்கில் நடந்த ஒரு சம்பவம் இதை நன்றாகக் காட்டும். கன்னியர் மடம் ஒன்றில் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு மூத்த ஆசிரியை, வட்ட மேட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அது தட்டையாக விழவில்லை. ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டு நின்றது. “நீ அடிச்சுத் தந்த தாளை வச்சுத்தான் பதினாறு பிள்ளைகளும் போட்டது மக்களே. எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பு வருமா?” என்று கேட்டார்.

வராது. தவறு தாளில் இருந்தது. மூலப் பிரதியில் மூன்றாம் சுற்று ‘செயின் 3’ என்று தொடங்கி, அடுத்த வரியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ‘அடுத்த கண்ணியில் டபுள் 2, அதற்கடுத்ததில் டபுள் 1, * இலிருந்து சுற்று முடியும்வரை மறுபடி’ என்றிருந்தது. வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் அடித்து இடைவெளி விட்டால், வேர்டு அதைப் பட்டியல் என்று எண்ணி நட்சத்திரத்தை எடுத்துவிட்டுக் கருப்புப் புள்ளி வைக்கும். அடித்தவர் அதைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது என்று விட்டுவிட்டார். மாணவிகள் ‘* இலிருந்து’ என்று வந்ததும் நட்சத்திரத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, சுற்றின் தொடக்கத்துக்கே போனார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று செயின் நடுவில் புகுந்தது, மேல் சுற்றுகள் அந்தச் செயினிலும் ஏறின, மேட் சுருண்டது.

அன்றிலிருந்து புதுக் கணினி எது வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். (இப்போதைய வேர்டில்) ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போய், தட்டும்போதே வடிவமாற்றும் பகுதியில் தானியங்கிப் பட்டியல்கள் இரண்டையும் எடுத்துவிடுவது. நட்சத்திரத்துக்குள் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கும் தேர்வு இருந்தால் அதையும் எடுப்பது. சி என்ற ஆங்கில எழுத்தை அடைப்புக்குள் போட்டால் © ஆக்கும் விதியையும் நீக்குவது. நூலின் நிறங்களை ஏ, பி, சி என்று குறிக்கும் செய்முறைகளில் அது மூன்றாம் நிறத்தைக் காணாமல் அடித்துவிடும். அவசரத்துக்குக் கன்ட்ரோலும் இசட்டும் உடனே அழுத்தினால் வேர்டு செய்த மாற்றம் மட்டும் பின்வாங்கும், அடித்தது போகாது.

அடுத்த பாடம் சுருக்கெழுத்தில். தாளை மிச்சப்படுத்த, செயினுக்கு ‘செ’, சிங்கிள் குரோஷாவுக்கு ‘சி’, டபுளுக்கு ‘ட’, டிரிபிளுக்கு ‘டி’ என்று ஓரெழுத்தாகப் போடும் வழக்கம் இருந்தது. கணினித் திரையில் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் வகுப்புத் தாள் திரையில் படிக்கப்படுவதில்லை. ஒரு பிரதியிலிருந்து ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ் என்று மூன்றாவது நான்காவது கையில்தான் போய்ச் சேரும். அங்கே போகும்போது மேலே இருக்கும் கொக்கி மங்கிவிடும். ‘டி’ வெறும் ‘ட’ ஆகும். டிரிபிள் போட வேண்டிய இடத்தில் டபுள் விழும். இதழ் உயரம் குறைந்து பூ கூம்பும். தமிழில் இரண்டு சுருக்கங்கள் ஒரு கொக்கியால் மட்டும் வேறுபடக் கூடாது. ‘செயின்’ மூன்றெழுத்துதான், அதை முழுதாகவே போடலாம். மற்றவை ‘சிங்’, ‘டபு’, ‘டிரி’ என்றால் எத்தனை ஜெராக்ஸுக்கும் தாங்கும்.

சுருக்கத்தைவிடப் பெரிய குழி பெயரில் இருக்கிறது. பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் குரோஷா என்றிருப்பது அமெரிக்கப் புத்தகத்தில் சிங்கிள். பிரிட்டனின் டிரிபிள் அமெரிக்காவின் டபுள். மடங்களிலும் பழைய தையல் வகுப்புகளிலும் பிரிட்டிஷ் வழக்கம். யூடியூப் பார்த்துக் கற்ற தலைமுறைக்குப் பெரும்பாலும் அமெரிக்க வழக்கம். ஒரே தாளைத் தாயும் மகளும் பின்னினால் இரண்டு வேறு பொருள் வரும். எந்த வழக்கம் என்பதைத் தலைப்புக்குக் கீழேயே, முதல் வரியில், பெரிய எழுத்தில் போட வேண்டும். கடைசிப் பக்கத்துக் குறிப்பாகப் போட்டால் பாதி மேட் முடிந்த பிறகுதான் அதைப் பார்ப்பார்கள்.

எழுத்தின் அளவு, வரியிடை ஆகியவற்றில் தமிழுக்கென்று தனித் தேவைகள் உண்டு. ஆங்கிலத் தாளுக்குப் போதுமான வரியிடை தமிழுக்குப் போதாது. ‘கி’, ‘கீ’ மேலே ஏறும், ‘கு’, ‘சூ’ கீழே இறங்கும். வேர்டில் வரியிடையை ‘எக்ஸாக்ட்லி’ என்று ஒரு குறிப்பிட்ட அளவில் பூட்டினால், இடம் போதாதபோது கொக்கியின் தலை வெட்டுப்படும். ‘அட் லீஸ்ட்’ அல்லது ‘மல்டிபிள்’ என்றிருந்தால் எழுத்து தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளும். அடிக்கோடு தமிழில் உகாரத்தின் காலை அறுக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து போதும். அதுவும் சின்ன அளவில் ‘ண’, ‘ஞ’ அடைத்துக்கொண்டு கருப்பாகும் என்பதால் எண்ணிக்கைக்கு மட்டும். சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பானதல்ல, விட்டுவிடலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்கும் தாளுக்கு 14 புள்ளிக்குக் கீழே போகவே கூடாது. பின்னுகிறவர்கள் அடிஸ்கேலை வரியின் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள். ஸ்கேல் மேல் வரியை மறைக்காமல் உட்காரும் அளவுக்குச் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இடம் விட்டுப் பார்த்தால், வேறு கணக்கே வேண்டாம்.

இரண்டு ஓரமும் நேராக்குவதை முதலில் கைவிட வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது. வரியை இழுத்து நிரப்பினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். அந்த ஓட்டைகளில்தான் திரும்பி வரும் கண் தொலைகிறது. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். வரியின் கடைசியில் ‘10’ என்று நின்று, அடுத்த வரியில் ‘செயின்’ என்று தொடங்கினால் பத்து எதற்கு என்பது தெரியாது. எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவே கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அடித்தால் பிரியாத இடைவெளி விழும். இரண்டும் ஒன்றாகவே கீழே இறங்கும். ஒரு சுற்று பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம் என்று உடையாமல் இருக்க, பத்தி அமைப்பில் வரிகளைச் சேர்த்து வைக்கும் தேர்வு இருக்கிறது. ஈரக் கையிலோ நூல் சுற்றிய கையிலோ பக்கம் புரட்ட வேண்டியிருப்பவர்களுக்கு இது எத்தனை பெரிய உதவி என்பது பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தாளின் உருவத்தை உண்மையில் மாற்றியது அட்டவணைதான். பழைய பாணியில் ஒரு சுற்று இப்படி இருக்கும்: ‘நான்காம் சுற்றில் அடுத்த இரண்டு கண்ணிகளில் ஒவ்வொரு சிங்கிள் போட்டு அதற்கடுத்த கண்ணியில் இரண்டு சிங்கிள் போட்டு இவ்வாறே ஆறு முறை செய்ய இருபத்துநான்கு கண்ணிகள் வரும் பின் ஐந்தாம் சுற்றில்’. இதையே பிரித்தால்:

சுற்று 4
[அடுத்த 2 கண்ணியில் ஒவ்வொரு சிங், அடுத்த 1 கண்ணியில் 2 சிங்] × 6
24 கண்ணி

சொல்லப்படும் விஷயம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் மூன்று கேள்விக்கும் மூன்று இடம் இருக்கிறது: எந்தச் சுற்று, என்ன செய்வது, முடிவில் எத்தனை. இதை மூன்று பத்தி கொண்ட அட்டவணையாக்கி, நாலாவதாக ஒரு காலிக் கட்டமும் விட்டால், முடித்த சுற்றுக்குப் பென்சிலால் டிக் போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கைப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தால் 6, 12, 18, 24, 30, 36 என்று வரும். சிங்கிளில் போடும் தட்டை வட்டம் சுற்றுக்கு ஆறாகத்தான் கூடும். நடுவே 28 என்று அடித்துவிட்டால் அடிப்பவருக்கே அது உறுத்தும். வாக்கியமாகத் தொடர்ந்து எழுதிய தாளில் அந்தப் பிழை கண்ணுக்கே படாது. அட்டவணை நீளும்போது, தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வரும்படியும் ஒரு வரிசை இரண்டு பக்கத்தில் உடையாதபடியும் அட்டவணை அமைப்பில் சொல்லிவைக்கலாம்.

கட்டப் படங்கள் தனி உலகம். குமரியில் பலிபீட விரிப்புக்கும் ஜன்னல் திரைக்கும் ஃபிலே வகைக் குரோஷா போடுவார்கள். காலிக் கட்டமும் நிரம்பிய கட்டமும் சேர்ந்து சிலுவையாகவோ திராட்சைக் குலையாகவோ உருவாகும். இதை வேர்டு அட்டவணையிலேயே செய்யலாம். சிறு சதுரங்கள், நிரம்பியவற்றுக்குக் கருப்பு நிழல். முதலில் செய்த ஒரு விரிப்பில் நிழலுக்குச் சாம்பல் நிறம் கொடுக்கப்பட்டது. திரையில் கண்ணை உறுத்தாமல் இருந்தது. ஜெராக்ஸில் அது புள்ளிப் புள்ளியாகச் சிதறி, எது நிரம்பியது எது காலி என்றே தெரியாமல் போயிற்று. அந்த விரிப்பைப் போட்ட அக்கா ஒவ்வொரு கட்டத்தையும் பேனாவால் நிரப்பி வைத்திருந்தார். மூன்று நாள் இரவு உட்கார்ந்து செய்ததாகச் சொன்னார். அதன்பின் முழுக் கருப்பு மட்டுமே. பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு, நெடுக்கிலும் குறுக்கிலும். வரிசை எண்களை ஒரே பக்கத்தில் போடுவதும் தவறு. முதல் வரிசை வலமிருந்து இடம் போகும், இரண்டாவது திரும்பி இடமிருந்து வலம் வரும். ஆகவே ஒற்றைப்படை எண் வலது ஓரத்தில், இரட்டைப்படை இடது ஓரத்தில். எண் எந்தப் பக்கம் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் படமே சொல்லிவிடும்.

பல அளவுகள் கொண்ட சட்டை, ஸ்வெட்டர் போன்றவற்றுக்கு எத்தனையோ உத்திகள் பார்த்தாயிற்று. நிறம் கொடுத்தால் ஜெராக்ஸில் போய்விடுகிறது. அடைப்புக்குள் நாலு எண் என்றால் மூன்றாவதையும் நாலாவதையும் கண் மாற்றி எடுக்கிறது. அளவுக்கு ஒரு தாள் என்று தனித்தனியே அடிப்பதே நல்லது. தாள் கூடும், ஆனால் நூல் வீணாகாது.

இணையத்திலிருந்து செய்முறை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பின்னாளில் அதிகமானார்கள். ஒட்டும்போது ‘எழுத்து மட்டும்’ என்ற தேர்வில் ஒட்டினால் அந்தப் பக்கத்தின் நிறமும் கட்டமும் கூட வராது. பிறகு தேடி மாற்றும் வசதியால் வரி முறிவுகளைச் சீராக்கலாம். ஆனால் அந்த வசதியை முழுவதுமாக நம்பக் கூடாது. ஒருமுறை ‘செ’ என்பதை எல்லா இடத்திலும் ‘செயின்’ ஆக்கச் சொன்னதில், ‘செய்க’ என்றிருந்தது ‘செயின்ய்க’ ஆகிவிட்டது. முழுச் சொல் மட்டும் என்று டிக் போட வேண்டும், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். இன்னொன்று: ஒருவர் யோசித்து எழுதி விலைக்கு விற்கும் செய்முறையை, வாங்கியவர் தன் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கி அடித்து வைத்துக்கொள்வது வேறு, அந்தத் தாளைப் பத்துப் பேருக்குக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். அது சரியான முடிவுதான்.

இப்போது தாளே குறைந்துவிட்டது. ஃபோனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு பின்னுகிறார்கள். ஏ4 அளவில் அடித்தது ஃபோனில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். ஏ5 அளவில், ஒரே பத்தியாக, ஓரங்களைக் குறைத்து, பெரிய எழுத்தில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கினால் விரலால் இழுக்காமலேயே படிக்கலாம். பிடிஎஃப் ஆக்காமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே ஒட்டி அனுப்பினால், பழைய நட்சத்திரக் கதை திரும்ப வரும். வாட்ஸ்அப் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் ஒட்டி இருப்பதைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு நட்சத்திரங்களை விழுங்கிவிடுகிறது. ஆகவே நட்சத்திரமே வேண்டாம், சதுர அடைப்பே போதும் என்ற முடிவுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

செய்முறை அடித்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். திரையில் பிழை பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைப் பின்னத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து, முதல் நாலு சுற்றைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஊசியை நிறுத்திவிட்டு விரலால் வரியைத் தேடும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடங்கள் அவைதான்.